முட்டிக்கு நாற்பது மார்க்

எங்கள் தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கால்வாய் ஓடுகிறது. அந்தப் பக்கம் மார்க்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், சட்டை தைக்கிற கம்பெனி. இந்தப் பக்கம் நாங்கள். நெடுஞ்சாலை வழியாகச் சுற்றினால் நடக்க அரை நாள், ஆட்டோவுக்கு ஒருநாள் கூலி. நடுவில் முன்பு ஒரு பாலம் இருந்தது. ஒரு பெருமழையில் அது போய்விட்டது. நகர்மன்றத்திலிருந்து ஆட்கள் வந்து ஒரு சிமென்ட் கரண்ட் கம்பத்தைக் குறுக்கே போட்டார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கட்டினார்கள். "தற்காலிகம்" என்று ஒரு போர்டும் நட்டுவிட்டுப் போனார்கள். போர்டு துருப்பிடித்து விழுந்துவிட்டது. கம்பம் அப்படியே இருக்கிறது.

அதற்கப்புறம் நாலு தேர்தல் வந்துபோனது. நாலிலும் எங்கள் வார்டுக்கு ஒரே உறுப்பினர்தான். காரணம், அவருடைய பக்தி மார்க் தொண்ணூற்றேழு.

எங்கள் ஊரில் நினைத்தவரெல்லாம் தேர்தலில் நின்றுவிட முடியாது. முதலில் 'மக்கள் பிரதிநிதிகளின் பக்தி அளவீட்டு ஆணையம்' என்ற இடத்துக்குப் போய் பக்தியை அளந்துகொண்டு வர வேண்டும். நூற்றுக்கு அறுபது இருந்தால்தான் மனுவையே வாங்குவார்கள். படிப்பு வேண்டாம். தொழில் தெரிய வேண்டாம். கோர்ட்டில் வழக்கு இருந்தால் பரவாயில்லை. 'கடவுளுக்குப் பயப்படாதவன் மக்களுக்கு எப்படிப் பயப்படுவான்' என்று சட்டசபையில் யாரோ கேட்டாராம். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அதனால் சட்டமாகிவிட்டது. எந்த மதம் என்று ஆணையம் கேட்பதே இல்லை. வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: "எல்லா மதத்தினரையும் நாங்கள் சமமாகச் சந்தேகிக்கிறோம்."

என் அடுத்த வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். எல்லாருக்கும் அவர் டைல்ஸ்காரர்தான். அவர் மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறார். அவரைத் தையலக்கா என்போம். கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்து அந்த வருடம்தான் தையலக்கா உண்டாகியிருந்தார். தினமும் காலையில் அந்தக் கம்பத்தில் ஏறித்தான் வேலைக்குப் போவார். கால் வைப்பதற்கு முன் ஒரு நொடி நிற்பார். உதடு லேசாக அசையும். சத்தம் வராது. அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். என் சைக்கிள் கடை கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது. தினமும் பார்ப்பேன். அவர் அந்தப் பக்கம் இறங்கும் வரை என் கையில் இருக்கும் ஸ்பேனர் சும்மாதான் இருக்கும்.

அஞ்சாம் மாதத்தில் டைல்ஸ்காரர் உறுப்பினரைப் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அலுவலக வாசலில் "உறுப்பினர் பிரார்த்தனையில் இருக்கிறார்" என்று பலகை தொங்கியது. அதன் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. உறுப்பினர் வந்தார். கையில் மண்டி போடுவதற்கான பஞ்சு மெத்தை.

"ஐயா, பாலம் விஷயமா வந்தேன். வீட்டுல மாசமா இருக்கா. தினமும் கம்பத்து மேலதான் போயிட்டு வரா" என்றார் டைல்ஸ்காரர்.

"தெரியும்ப்பா. உங்க தெருவுக்காகத்தான் இவ்வளவு நேரமும் உள்ள வேண்டிக்கிட்டு இருந்தேன்."

"வேண்டுனதோட சேர்த்து ஒரு கடுதாசியும் போட்டீங்கன்னா..."

"கடுதாசியா? யாருக்குப் போடறது? மேல இருக்கிறவருக்கும் மேல யாரு இருக்கா?"

பொதுப்பணித் துறை என்று சொல்ல வாயெடுத்த டைல்ஸ்காரர் அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன். அந்தக் கம்பத்துல இருந்து விழுந்து இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களா?" என்றார் உறுப்பினர்.

"இல்லீங்க. கை கால் முறிஞ்சிருக்கு."

"பாத்தியா? அது யாரு வேலைன்னு நெனக்கிற? நான் சும்மா உக்காந்திருக்கேன்னு நெனக்காத." சொல்லிவிட்டு மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே தையலக்காவுக்குக் கம்பத்தில் கால் வழுக்கியது. கயிறு கையில் இருந்ததால் தப்பித்தார். ஒரு செருப்பு மட்டும் தண்ணீரோடு போனது. அன்று மாலை டைல்ஸ்காரர் வீட்டில் நானும் தையலக்காவின் தம்பியும் இருந்தோம். தம்பி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். டைல்ஸ்காரர் மிஞ்சிய ஒற்றைச் செருப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நிக்கப்போறேன்" என்றார்.

"எங்க?" என்றார் தையலக்கா.

"வர்ற எலக்சன்ல."

"முதல்ல நேரா நில்லுங்க. டைல்ஸ் போட்டுப் போட்டு முதுகு வளைஞ்சு கெடக்கு."

"மாமா, அறுபது மார்க் வேணும். நீங்க கடைசியா எப்ப பிரார்த்தனை பண்ணீங்க?" என்றான் தம்பி.

டைல்ஸ்காரர் யோசித்தார். "போன மாசம். மாடிப்படியில டைல்ஸ் பெட்டி சரிஞ்சப்ப."

"அக்காவ அளந்தா பாஸாயிடும். உங்கள அளந்தா என்ன வரும்னு தெரியல."

"நான் என்ன ஊரை ஆளவா போறேன்? ஒரு பாலம். அவளுக்கு வலி வர்றதுக்குள்ள ஒரே ஒரு பாலம். அத கட்டிட்டு நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்கப் போயிடுவேன்."

தையலக்கா சிரித்தார். அவருக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. ஆனால் சந்தோஷம் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

ஆணையத்துக்குச் சாட்சியாக நான் போனேன். தம்பி துணைக்கு வந்தான். நீளமான வராந்தா. சுவரோரமாக வேட்பாளர்கள் உட்கார்ந்து அழுது பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கைக்குட்டையில் வெங்காயம் மடித்து வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் அதைக் கொஞ்ச நேரம் கடன் கேட்டார். இன்னொருவர் முழங்காலை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். மரவேலை செய்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் நகைக்கடை முதலாளி என்று அப்புறம் தெரிந்தது.

முதல் அறையில் எழுத்துத் தேர்வு. 'கடவுள் உண்டா' என்பது முதல் கேள்வி. 'உண்டு', 'நிச்சயமாக உண்டு', 'உண்டு, இந்தத் தேர்வை அவர்தான் நடத்துகிறார்' என்று மூன்று விடைகள் கொடுத்திருந்தார்கள். டைல்ஸ்காரர் முதல் விடையைக் குறித்தார். அதற்குப் பாதி மார்க்தான். ஆர்வம் போதவில்லையாம்.

இரண்டாவது அறையில் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜை மேல் சத்தத்தை அளக்கும் கருவி ஒன்று இருந்தது.

"இவரோட பிரார்த்தனை எத்தனை வீடு தள்ளிக் கேக்கும்?" என்றார் அதிகாரி.

"இவரு சத்தம் நான் கேட்டதில்லீங்க. இவரு வீட்டம்மா தினமும் வேண்டிக்குவாங்க. மனசுக்குள்ள."

"மனசுக்குள்ளயா?" அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மனசுக்குள்ள ஆயிரம் பேரு ஆயிரம் நெனப்பாங்க. ரெண்டு வீடு தள்ளியாவது கேக்கணும். அக்கம்பக்கத்துக்குத் தெரியாத பக்திய வெச்சுக்கிட்டு ஒரு தலைவரு என்ன செய்வாரு, சொல்லுங்க."

பேனாவை மறுபடி எடுத்தார். பூஜ்யம் போட்டார்.

மூன்றாவது அறையில் உருக்கமான பாடம் ஒன்றை வாசிப்பார்கள். பதினாலாவது வரியில் அழ வேண்டும். டைல்ஸ்காரருக்கு மூன்றாவது வரியிலேயே கண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒற்றைச் செருப்பு ஞாபகத்துக்கு வந்ததாக அப்புறம் சொன்னார். 'உரிய இடத்துக்கு முன்பே வந்த கண்ணீர்' என்று எழுதி அதற்கும் குறைத்துவிட்டார்கள். மூன்று அறையும் சேர்த்துப் பதினெட்டு மார்க்.

மீதி இருந்தது முட்டி. முட்டிக்கு மட்டும் நாற்பது மார்க். அதை முழுசாக வாங்கினாலும் ஐம்பத்தெட்டுதான். தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "வாங்க மாமா, ஆட்டோவுக்கு வெய்ட்டிங் ஏறுது" என்றான்.

"வந்ததுக்கு அதையும் பாத்துட்டுப் போவோம்" என்றார் டைல்ஸ்காரர்.

முட்டி நிபுணர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கையில் இரும்பு இடுக்கி மாதிரி ஓர் அளவுகோல். "மனசு பொய் சொல்லும். கண்ணீரும் பொய் சொல்லும். முட்டி சொல்லாது. ஒருத்தரு வாழ்நாள்ல எவ்வளவு நேரம் மண்டி போட்டிருக்காருன்னு தோலே சொல்லிடும். பேன்ட்ட மடிங்க" என்றார்.

டைல்ஸ்காரர் மடித்தார்.

நிபுணர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டி போட்டே வேலை செய்த முட்டி அது. தோல் கறுத்து, தடித்து, காய்த்துப்போய், சிமென்ட் கலந்த நிறத்தில் இருந்தது. நிபுணர் இடுக்கியால் பிடித்துப் பார்த்தார். விரலால் தட்டினார். டக் டக் என்று சத்தம் வந்தது. அவர் எழுந்து வெளியே ஓடினார். சற்று நேரத்தில் அறை நிறைய அதிகாரிகள். கடைசியாக ஆணையத் தலைவரே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த டைல்ஸ்காரரின் எதிரே தரையில் உட்கார்ந்து அந்த முட்டியைப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா இந்த முட்டியத்தான் நான் தேடிக்கிட்டு இருந்தேன். முழு மார்க் போடுங்க" என்றார்.

டைல்ஸ்காரர் நெளிந்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இது பிரார்த்தனையில வந்தது இல்ல. நான் டைல்ஸ் போடறவன். தொழில்ல காய்ச்சுப்போனது."

தலைவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். "கேட்டீங்களா? தன் பக்திய மறைக்கிறாரு. இதுக்குப் பேருதான் தன்னடக்கம். விதியில தன்னடக்கத்துக்குக் கூடுதல் பத்து இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கினதில்ல. எழுதுங்க."

"இல்ல சார், நெசமாத்தான் சொல்றேன். வேணும்னா நான் பதிச்ச தரையக் காட்டுறேன்."

"இன்னொரு பத்து."

தம்பி என் காதோரம் குனிந்தான். "அண்ணே, மாமாவ நிறுத்திடாதீங்க. பேசட்டும்."

டைல்ஸ்காரர் பேசினார். நேர்மையான மனிதர், உண்மையைச் சொல்லாமல் அவருக்கு இருக்க முடியாது. கோயிலுக்கோ வேறெந்த வழிபாட்டு இடத்துக்கோ போய்ப் பல வருடமாகிறது என்றார். அதற்குப் பத்து. என்னைச் சாட்சிக்கு இழுத்தார். நானும் உண்மையைச் சொன்னேன். அதற்கும் பத்து. கடைசியில் தொண்ணூற்றெட்டில் வந்து நின்றது, இருக்கிற உறுப்பினரைவிட ஒன்று கூட. இனி மறுத்தால் எழுதத் தாளில் இடமில்லை என்று எழுத்தர் சொன்னதால் எங்களை விட்டார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் தானாக நடந்தது. இதுவரை தெருவுக்குள் எட்டிப் பார்க்காத ஒரு கட்சி அவரை வேட்பாளராக அறிவித்தது. சுவரெல்லாம் போஸ்டர். அதில் அவர் முகம் இல்லை. இரண்டு முட்டி மட்டும், ஆளுயரத்துக்கு. எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் வேட்பாளரின் நெற்றியைப் போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. மார்க்கெட் முனையில் நடந்த கூட்டத்தில் டைல்ஸ்காரர் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஓட்டுப் போட்டீங்கன்னா அந்தக் கால்வாய்க்கு ஒரு பாலம்..." என்று ஆரம்பித்தார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பாலம் கெடக்கட்டும், முட்டியக் காட்டுங்க." கத்தியவர் எங்கள் தெருக்காரர். போன மழையில் அதே கம்பத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். முறிந்த கையைத் தூக்கித்தான் கத்தினார்.

டைல்ஸ்காரர் ஜெயித்தார். பழைய உறுப்பினருக்கு டெபாசிட் போனது. அன்று தையலக்காவுக்கு ஆறாம் மாதம் முடிந்திருந்தது.

உறுப்பினர் ஆனதும் முதலில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மக்கள் பிரதிநிதி கைவேலை செய்வது பதவிக்கு இழுக்கு என்று. டைல்ஸ்காரர் சிமென்ட் பூசும் கரணையையும் ரப்பர் சுத்தியையும் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு நகர்மன்றத்துக்குப் போனார். அங்கே காலையில் கூட்டம் பிரார்த்தனையோடு தொடங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, டீக்கு ஒன்று. நடுவில் கிடைக்கிற நேரத்தில் போன கூட்டத்துப் பிரார்த்தனை சரியாக நடந்ததா என்று விவாதிப்பார்கள். பாலம் எப்போதும் பட்டியலில் கடைசியாக இருந்தது. அது வரும்போது நிறைவுப் பிரார்த்தனைக்கு மணி அடித்துவிடும்.

ஒருநாள் மணி ரிப்பேர். டைல்ஸ்காரர் எழுந்து பேசிவிட்டார். பேச்சு என்ன பேச்சு, நாலு வாக்கியம். பாலம் இல்லை, கம்பம்தான் இருக்கிறது, என் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருக்கிறது, மழைக்கு முன்னால் கட்டிக் கொடுங்கள்.

நகர்மன்றத் தலைவர் கண்களை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்தார்.

"நம்ம உறுப்பினரோட முட்டி மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. அதனாலதான் வருத்தமா இருக்கு. மத்தவங்க பாலம் கேட்டா பரவாயில்ல. இப்படி ஒரு முட்டிய வெச்சுக்கிட்டு நீங்க கேட்டா, மக்கள் என்ன நெனப்பாங்க? இவருக்கே பிரார்த்தனை பத்தல, சிமென்ட் தேவைப்படுதுன்னு நெனக்க மாட்டாங்களா? இன்னைக்குப் பாலம் கட்டினா நாளைக்கு மருந்து கேப்பாங்க. அப்புறம் வாத்தியாரு கேப்பாங்க. ஒவ்வொண்ணையும் நாமளே செஞ்சு கொடுத்துட்டா, கடவுளுக்கு மக்கள் கிட்ட என்ன மரியாதை இருக்கும்? பாலம் கட்டுறதுங்கறது கடவுள் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர்ற மாதிரி. என் தலைமையில அது நடக்காது."

எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். தலைவர் கையமர்த்தினார்.

"இன்னொண்ணையும் யோசிங்க. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு தினமும் ரெண்டு வேளை ஒத்தக் கம்பத்து மேல நடந்து போறா, விழல. இது அதிசயம் இல்லாம வேற என்ன? நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது, நாம கவனிக்காம இருந்திருக்கோம்."

அந்த இடத்திலேயே தீர்மானம் போட்டார்கள். அந்தக் கம்பம் இனிமேல் அதிசயக் கம்பம். டைல்ஸ்காரர் எதிர்ப்புத் தெரிவித்துக் கையைத் தூக்கினார். உயர்ந்த கையைப் பார்த்து, அவர் பிரார்த்தனையைத் தொடங்கிவைக்கிறார் என்று நினைத்து எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

எனக்கு அப்புறம்தான் ஒன்று தெரிந்தது. எங்கள் நகர்மன்றத்துக்கு வேகமாகவும் வேலை செய்யத் தெரியும். ஒரே மாதத்தில் ஊர்ப் பக்கக் கரையிலிருந்து கான்கிரீட்டில் ஒரு பார்வை மேடை எழும்பியது. கம்பத்தைப் பார்த்து வணங்க வருகிறவர்கள் வசதியாக நிற்பதற்கு. நல்ல அகலம். இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். கால்வாயைக் கடந்து எங்கள் கரையை நோக்கி வந்தது, வந்தது, ஆறடி இருக்கும்போது நின்றுவிட்டது. முனையில் இரும்புத் தடுப்பு ஒன்றை முடுக்கினார்கள்.

டைல்ஸ்காரர் எங்கள் கரையில் நின்றுகொண்டு மேடையில் இருந்த இஞ்சினியரிடம் கேட்டார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது. "இன்னும் ஆறடிதான் சார். இழுத்துவிட்டுடுங்களேன்."

"இழுத்தா பாலம் ஆயிடும் சார். பாலத்துக்கு அனுமதி இல்ல" என்றார் இஞ்சினியர். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

பிறகு கம்பத்துக்குப் பொன் வண்ணம் அடித்தார்கள். பளபளவென்று எண்ணெய்ப் பெயின்ட். கயிற்றை அவிழ்த்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது நம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது என்று பக்தி ஆணையத்திலிருந்து குறிப்பு வந்திருந்தது. அவிழ்த்த கயிற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள்.

"லீவு போட்டுடு. நானே சொல்றேன், கம்பெனிக்குப் போகாத" என்றார் டைல்ஸ்காரர். நான் கடை வாசலில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் வேலைக்குப் போறதில்ல, நானும் போகலன்னா அடுப்ப யாரு பத்த வெப்பா? அதோட ஆஸ்பத்திரியும் அந்தப் பக்கந்தான இருக்கு. அதுக்கு எப்படிப் போறது?" என்றார் தையலக்கா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க முயற்சி பண்ணீங்க. அது எனக்குத் தெரியும்" என்றார்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை. பெரிய மழை ஒன்றுமில்லை, தூறல். மேடையில் வெளியூர்க் கூட்டம். தையலக்கா கரையில் ஒரு நொடி நின்றார். உதடு அசைந்தது. கால் வைத்தார். நான் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் போயிருப்பார். ஈரமான பெயின்ட். கை கயிற்றைத் தேடியது. கயிறு இல்லை.

அவர் விழுந்ததும் மேடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மண்டியிட்டார்கள். நான் ஓடிக்கொண்டே கத்தினேன், அந்தக் கயிற்றை எடுத்து வீசுங்கள் என்று. கயிறு அவர்களுக்கு மூன்றடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒருவர்கூடப் பெட்டியை உடைக்கவில்லை. உருக்கமாக, சத்தமாக, நாலு தெரு தள்ளிக் கேட்கும்படி பிரார்த்தனை செய்தார்கள். நானும், அக்காவைக் கம்பம் வரை கொண்டுவிட வந்திருந்த தம்பியும் குதித்துத்தான் தையலக்காவைக் கரையேற்றினோம்.

தையலக்கா பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு முட்டி நிபுணர் வந்தார். அதே வெள்ளைக் கோட்டு. நர்ஸ் அவரை டாக்டர் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார். கட்டில் பக்கத்தில் நின்று, "மன்னிக்கணும், கடமை" என்று சொல்லிப் போர்வையை விலக்கி தையலக்காவின் முட்டியை இடுக்கியால் அளந்தார். தடுக்கக்கூடத் தோன்றாமல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாப்பதுக்கு மூணு" என்றார். "நெனச்சேன். இந்த முட்டிய வெச்சுக்கிட்டு கம்பத்துல ஏறியிருக்கவே கூடாது. கம்பத்து மேல தப்பு இல்லன்னு ரிப்போர்ட் எழுதணும். வார்டு உறுப்பினர்ங்கற முறையில நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

டைல்ஸ்காரர் போர்வையை இழுத்து மூடிவிட்டார். "அவ தினமும் வேண்டிக்கிட்டுத்தான் கால் வெப்பா."

"சத்தமாவா?"

"மனசுக்குள்ள."

நிபுணர் வருத்தத்தோடு பேனாவை மூடினார். "உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கு. குழந்தையப் பறிகொடுத்த சோதனைக்கு விதிப்படி இருபது மார்க். நீங்க இப்ப நூத்திப் பதினெட்டு. சட்டசபைக்கே நிக்கலாம். ஆணையத் தலைவரு நேர்ல சொல்லச் சொன்னாரு."

தையலக்கா சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "அவரப் போகச் சொல்லுங்க" என்றார்.

டைல்ஸ்காரர் கையெழுத்துப் போடவில்லை. தூரமானாலும் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்தார். கட்டிலுக்கடியிலிருந்து சாக்கை இழுத்தார். என்னிடம் வந்து பெரிய ஸ்பேனர் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஒரு சாரப் பலகையை வாங்கி, தம்பியும் அவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேடை முனையிலிருந்த தடுப்பின் போல்ட்டுகளைக் கழற்றினார். பலகையை அந்த ஆறடிக்குக் குறுக்கே போட்டார். ஆடாமல் இருக்க அடியில் இரண்டு பக்கமும் கலவை வைத்தார். மட்டம் பார்த்தார். முதலில் தானே அந்தப் பக்கம் நடந்து போய், திரும்பி வந்தார்.

அவ்வளவுதான். பாலம் வந்துவிட்டது. இத்தனை வருடமும், அஞ்சு தேர்தலும், ஒரு குழந்தையும் போன பிறகு, அரை மணி நேர வேலை.

மறுநாள் காலை எங்கள் தெரு அதன் மேல் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடினார்கள். ஒருவர் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டு முறிந்தவர் நாலு தரம் வெறுமனே போய் வந்தார். டைல்ஸ்காரர் கரையில் குந்தியபடி பலகை ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் போலீஸ் வந்தது. வழிபாட்டு இடத்தைப் போக்குவரத்துக்குப் பயன்படுத்திய குற்றம். பலகையைப் பிடுங்கினார்கள். டைல்ஸ்காரரை ஆணையத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தலைவர் இந்தத் தடவை தரையில் உட்காரவில்லை. முட்டியை அளந்து பார்க்கச் சொன்னார். சில மாதமாக வேலை இல்லாததால் காய்ப்பு இளகிப்போயிருந்தது. நிபுணர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் தலைவர். "நாங்க எல்லாரும் நம்பினோம். நீங்க பலகை போட்டீங்க. அப்படின்னா உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னுதான அர்த்தம்?"

"ஆமாங்க. உங்க மேல இல்ல" என்றார் டைல்ஸ்காரர்.

எழுத்தர் குனிந்து எழுதினார். தன்னடக்கம் என்று யாரும் சொல்லவில்லை. டைல்ஸ்காரர் சொன்ன வார்த்தைகளை ஆணையம் மாற்றாமல் எழுதிக்கொண்டது அன்று ஒருநாள்தான். பிற்பாடு அதிலும் கடைசி மூன்று சொற்களை அடித்துவிட்டதாகக் கேள்வி.

மார்க் பூஜ்யம். பதவி போனது. இடைத்தேர்தலில் தொண்ணூற்றேழு மார்க்காரர் எதிர்ப்பே இல்லாமல் ஜெயித்தார். பழைய 'பிரார்த்தனையில் இருக்கிறார்' பலகையைத் தூசி தட்டி மறுபடி அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எங்கள் சாரப் பலகை இப்போது கயிற்றுக்குப் பக்கத்தில், இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. "அவநம்பிக்கை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளும் உண்டு.

டைல்ஸ்காரர் மறுபடி அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டி போடுகிறார். முட்டி மறுபடி காய்த்துவருகிறது. தையலக்கா உடம்பு தேறி, போன திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பினார். நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பிழைத்து வந்த பெண் மறுபடி கம்பம் ஏறுகிறாள் என்று எப்படியோ சேதி பரவி, கரையிலும் மேடையிலும் கூட்டம். அவரைக் கண்டதும் வழியிலேயே மண்டியிட்டுவிட்டார்கள்.

"கொஞ்சம் எந்திரிங்க. வேலைக்கு நேரமாச்சு" என்றார் தையலக்கா.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கண்களை மூடியிருந்தார்கள். தையலக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் வழி பண்ணிக் கம்பத்தின் முனைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எப்போதும்போல ஒரு நொடி நின்றார்.

உதடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை.